ஓநாயின் வயிற்றில் கற்களை வைத்தது யார்?

அக்காள் மகளுக்கு ஐந்து வயது. ஓர் இரவு அவளுக்குச் சிவப்பு முக்காட்டுச் சிறுமியின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். நம்மில் பலருக்கு ஆங்கிலப் பாடநூல் வழியாக 'லிட்டில் ரெட் ரைடிங் ஹூட்' என்று அறிமுகமான அதே கதைதான். பாட்டியையும் பேத்தியையும் விழுங்கிய ஓநாய் குறட்டை விட்டுத் தூங்குகிறது. வேட்டைக்காரர் கத்திரிக்கோலை எடுத்து அதன் வயிற்றை வெட்டுகிறார். இருவரும் உயிரோடு வெளியே வருகிறார்கள். பிறகு வயிற்றில் கற்களை நிரப்பிவிடுகிறார்கள். அதுவரை பேசாமல் கேட்டிருந்தவள், "கல்லை யார் வைத்தார்கள் சித்தி?" என்றாள். "வேட்டைக்காரர்தான்" என்று சொல்லித் தூங்க வைத்துவிட்டேன்.

மறுநாள் சந்தேகம் வந்து, ஜெர்மானிய நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களின் கதையை எடுத்துப் பார்த்தேன். கற்களை ஓடிப்போய் எடுத்து வந்தவள் அந்தச் சிறுமி. சற்று முன்புதான் ஓநாயின் வயிற்றிலிருந்து வெளியே வந்து, உள்ளே எவ்வளவு இருட்டாக இருந்தது என்று சொன்னவள். சொன்ன கையோடு பெரிய பெரிய கற்களாகத் தேடிக் கொண்டுவருகிறாள். எத்தனையோ முறை இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன். அந்த வரி என் கண்ணில் பட்டதே இல்லை. பட்ட பிறகு அவளைப் பழையபடி நினைக்க முடியவில்லை.

இருண்ட மறுபுனைவு என்று இலக்கியத்தில் சொல்லப்படும் சிறுகதை வகை பிறப்பது இப்படி ஓர் இடத்தில்தான். சிறுவயதில் கேட்ட கதை ஒன்றின் எலும்புக்கூட்டை அப்படியே வைத்துக்கொண்டு, பெரியவர்கள் படிக்கும் சிறுகதையாக அதைத் திரும்ப எழுதுகிறார்கள். இருண்ட என்ற சொல்லைக் கேட்டதும் இரத்தமும் பேயும் என்று எண்ணத் தோன்றும். அவை வரலாம், வராமலும் போகலாம். மூலக்கதை கேட்காமல் தாண்டிப்போன கேள்வியைக் கேட்பதும், கிடைக்கும் பதில் எவ்வளவு கசப்பாக இருந்தாலும் எழுதிவிடுவதும்தான் இந்த வகையின் உயிர்.

தமிழ் வாசகருக்கு இந்த வேலை புதிதல்ல. அகலிகை கதையை நாம் எல்லோரும் அறிவோம்: கல்லாகக் கிடந்தவள் இராமனின் கால் தூசி பட்டுப் பெண்ணானாள். அதற்குப் பிறகு அவள் எப்படி வாழ்ந்தாள்? புதுமைப்பித்தன் 'சாபவிமோசனம்' கதையில் அதைக் கேட்டார். வனவாசம் முடிந்து திரும்பிய இராமனும் சீதையும் அவளைப் பார்க்க வருகிறார்கள். இராமன் தன்னைத் தீக்குளிக்கச் சொன்னதைச் சீதை சொல்கிறாள். கேட்ட அகலிகை மறுபடியும் கல்லாகிவிடுகிறாள். இராமாயணம் அறிந்தவர்களுக்கு இது பிடிக்காமல் போகலாம், அதைப் பற்றிக் கவலையில்லை என்று கதையின் தொடக்கத்திலேயே குறிப்பு எழுதி வைத்தார் புதுமைப்பித்தன். அது புராணத்தின் மறுபுனைவு. அதே கையை ஐரோப்பாவின் தொட்டில் கதைகள் மீது வைத்தால் நாம் பேசும் வகை வந்துவிடும்.

பெரும்பாலோர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். கள்ளங்கபடமற்ற கதையை நவீன எழுத்தாளர்கள் கெடுத்துவிட்டார்கள் என்று குறை சொல்கிறார்கள். சிவப்பு முக்காட்டுச் சிறுமி நடந்து வந்த தூரத்தைப் பார்த்தால் அந்தக் குறைக்கு இடமிருக்காது.

பிரான்சின் கிராமங்களில் வாய்மொழியாகச் சொல்லப்பட்ட வடிவம் ஒன்று உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நியேவ்ர் பகுதியில் சேகரிக்கப்பட்டு, பிற்பாடு நாட்டார் வழக்காற்று அறிஞர் பால் தெலாரூ வழியாகப் பரவலாகத் தெரிய வந்தது. 'பாட்டியின் கதை' என்று அதைக் குறிப்பிடுவார்கள். அதில் சிவப்பு முக்காடும் இல்லை, வேட்டைக்காரரும் இல்லை. சிறுமி சூடான ரொட்டியும் ஒரு புட்டிப் பாலும் எடுத்துக்கொண்டு போகிறாள். வழி மறிப்பது, மனிதனாகவும் ஓநாயாகவும் உருமாறும் மனித ஓநாய். ஊசிகளின் பாதையில் போகிறாயா, குண்டூசிகளின் பாதையில் போகிறாயா என்று கேட்கிறது. ஊசிப் பாதை என்கிறாள் அவள். வழியெல்லாம் ஊசி பொறுக்கி விளையாடிக்கொண்டு போகிறாள். அதற்குள் ஓநாய் பாட்டியைக் கொன்று, கொஞ்சம் இறைச்சியை அலமாரியில் வைக்கிறது. இரத்தத்தைப் புட்டியில் ஊற்றி வைக்கிறது. சிறுமி வந்ததும் அதையே உண்ணவும் குடிக்கவும் சொல்கிறது. உண்கிறாள். வீட்டுப் பூனை அவளைத் திட்டுகிறது. பிறகு உடுப்பை ஒவ்வொன்றாகக் கழற்றச் சொல்கிறது ஓநாய். எங்கே வைப்பது என்று அவள் கேட்கும்போதெல்லாம், "நெருப்பில் போடு, இனி உனக்கு அது வேண்டியிருக்காது" என்கிறது.

பள்ளிக்கூடப் பாடத்திலிருந்து இது எவ்வளவு தொலைவு! ஆனால் கவனியுங்கள், இந்தச் சிறுமி செத்துப்போவதில்லை. ஓநாயின் நோக்கம் புரிந்ததும், வயிறு சரியில்லை, வெளியே போக வேண்டும் என்கிறாள். படுக்கையிலேயே முடித்துக்கொள் என்கிறது ஓநாய். முடியாது என்கிறாள். அவள் காலில் கம்பளி நூலைக் கட்டி அனுப்புகிறது. முற்றத்துக்கு வந்தவள் நூலின் நுனியைப் பிளம் மரத்தில் கட்டிவிட்டு வீட்டுக்கு ஓடிவிடுகிறாள். தன் புத்தியால் தானே தப்பிய சிறுமி இவள். எனக்கு மிகப் பிடித்தவளும் இவளே.

1697-இல் பிரெஞ்சு எழுத்தாளர் சார்ல் பெரோ இந்தக் கதையைப் பாரிஸில் அச்சேற்றினார். பதினான்காம் லூயி மன்னரின் காலம். பெரோவின் வாசகர்கள் மேல்தட்டு மக்கள். பூனை போயிற்று, இரத்தப் புட்டி போயிற்று, பிளம் மரமும் போயிற்று. சிவப்பு முக்காடு வந்தது. முடிவில் ஓநாய் சிறுமியைத் தின்றுவிடுகிறது, அவ்வளவுதான் கதை. காப்பாற்ற ஒருவரும் வருவதில்லை. அடியில் செய்யுளாக ஓர் அறிவுரை: பசப்பிப் பேசிப் பெண்களின் பின்னாலேயே வீடு வரை வரும் ஓநாய்கள் உண்டு, அவைதான் மிகவும் ஆபத்தானவை. யாரை ஓநாய் என்கிறார் என்பது அன்றைய வாசகருக்கு விளங்கியிருக்கும். தப்பித்த பெண்ணை எடுத்துவிட்டு, ஏமாந்த பெண்ணை அந்த இடத்தில் வைத்தார் பெரோ. கதையில் இருட்டைக் குறைத்த அதே கை, பழியைச் சிறுமியின் தலையில் போட்டது.

1812-இல் கிரிம் சகோதரர்களின் தொகுப்பு ஜெர்மனியில் வெளிவந்தது. காஸல் நகரில் அவர்களுக்குக் கதை சொன்ன பெண்களில் சிலர் பிரெஞ்சு வேர்கள் கொண்ட ஹாஸன்ஃப்ளுக் குடும்பத்தார். கதை எல்லை தாண்டியது இப்படித்தான். வேட்டைக்காரரும் கத்திரிக்கோலும் கற்களும் வந்து சேர்ந்தது இந்த வடிவத்தில். அதே தொகுப்பில் இருக்கும் ஓநாயும் ஏழு ஆட்டுக்குட்டிகளும் கதைக்கும் இதே முடிவுதான்.

கிரிம் சகோதரர்கள் 1857 வரை ஏழு பதிப்புகள் கொண்டுவந்தார்கள். பதிப்புக்குப் பதிப்பு கதைகள் மாறின. 1812 பதிப்பில் ஸ்னோ ஒயிட் என்ற இளவரசியைக் கொல்லச் சொல்லி ஆளனுப்புபவள் அவளைப் பெற்ற தாய். 1819-இல் அவள் மாற்றாந்தாயாகிவிட்டாள். மற்றொரு கதையில், ஹேன்சல், கிரெட்டல் என்ற பிள்ளைகளைக் காட்டில் விட்டுவரலாம் என்று சொல்பவளும் முதலில் பெற்றவள்தான். பிறகு அவளும் மாற்றாந்தாயானாள். பெற்ற தாய் பிள்ளைக்குக் கேடு நினைக்கிறாள் என்பது குழந்தைகள் படிக்கும் புத்தகத்தில் தாங்க முடியாத செய்தியாகத் தோன்றியிருக்க வேண்டும். அதை மறைக்கப் போய், உலகத்து மாற்றாந்தாய்கள் எல்லோரும் சுமக்கும் கெட்ட பெயரை இன்னும் வலுப்படுத்திவிட்டார்கள். எனக்கு இது சிறிய மாற்றமாகத் தோன்றவில்லை. கதையில் ஒரு சொல்லைத் திருத்துவது எத்தனை வீடுகளுக்குள் போய்ச் சேர்கிறது!

ஆக, நாம் தொட்டிலருகே சொல்லும் வடிவமே ஒரு மறுபுனைவு. வெளிச்சத்தின் பக்கம் திருப்பப்பட்ட மறுபுனைவு. இருண்ட மறுபுனைவு எழுதுபவர் அதை மறுபடியும் திருப்பிப் பார்க்கிறார்.

சிறப்பாகத் திருப்பியவர் என்று நான் சொல்லும் பெயர் ஏஞ்சலா கார்ட்டர். இங்கிலாந்து எழுத்தாளர். 1977-இல் பெரோவின் கதைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து 'தி பிளடி சேம்பர்' தொகுப்பை வெளியிட்டார். பத்துக் கதைகள், கடைசி மூன்றும் ஓநாய்க் கதைகள். பழைய கதைகளைப் பெரியவர்களுக்காகத் திருத்தி எழுதுவது தன் நோக்கமல்ல, அவற்றுக்குள் புதைந்து கிடப்பதை வெளியே எடுத்து அங்கிருந்து புதுக் கதையைத் தொடங்குவதே தன் வேலை என்று அவர் விளக்கியிருக்கிறார். இந்த வகைக்கு இதைவிடத் தெளிவான வரையறை எனக்குக் கிடைத்ததில்லை.

அந்த மூன்றில் மிகச் சிறியது 'தி வேர்வுல்ஃப்', அதாவது மனித ஓநாய். அச்சில் சில பக்கங்களே. இந்த வகையைப் புதிதாகப் படிக்க வருபவருக்கு நான் முதலில் கொடுப்பது அதைத்தான். முடிவு முன்கூட்டியே தெரிந்தாலும் அதன் வலு குறைவதில்லை என்பதால் இங்கே பிரித்துக் காட்டுகிறேன்.

குளிர் நாடு. வறுமை. சூனியக்காரி என்று சந்தேகம் வந்தால் கிழவிகளைக் கல்லால் அடித்துக் கொன்றுவிடும் ஊர். அக்கம்பக்கத்தார் வீட்டுப் பாலாடைக்கட்டி பக்குவமாகாதபோது ஒருத்தியுடையது மட்டும் பக்குவமானால் போதும், சந்தேகம் வந்துவிடும். இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிட்டு, கதை நமக்குத் தெரிந்த பாதைக்கு வருகிறது. பாட்டிக்கு உடம்பு சரியில்லை, ரொட்டியும் வெண்ணெயும் கொண்டுபோ என்கிறாள் தாய். கூடவே, அப்பாவின் வேட்டைக் கத்தியையும் எடுத்துக்கொள், அதைப் பயன்படுத்த உனக்குத் தெரியும் என்கிறாள். இந்த ஒரு கத்தி போதும். நாம் அறிந்த சிறுமி இவள் இல்லை என்று தெரிந்துவிடுகிறது.

வழியில் ஓநாய் பாய்கிறது. அதன் முன்னங்கால் பாதத்தை வெட்டிவிடுகிறாள். ஓநாய் விம்முவதுபோல் ஒலி எழுப்பி, நொண்டிக்கொண்டு மரங்களுக்குள் மறைகிறது. அவள் கத்தியைத் துடைத்துவிட்டு, வெட்டிய பாதத்தை ரொட்டி சுற்றி வந்த துணியில் சுற்றிக்கொண்டு நடக்கிறாள். பாட்டி காய்ச்சலில் கிடக்கிறாள். நெற்றியில் ஈரத்துணி போடலாம் என்று துணியை உதறும்போது பாதம் தரையில் விழுகிறது. இப்போது அது பாதம் இல்லை. மணிக்கட்டோடு வெட்டுப்பட்ட ஒரு கிழவியின் கை. வேலை செய்து காய்த்த கை, விரலில் திருமண மோதிரம், ஆள்காட்டி விரலில் ஒரு மரு. மருவை வைத்துப் பாட்டியின் கை என்று அடையாளம் கண்டுகொள்கிறாள். போர்வையை இழுத்தால், வலக்கை இருக்க வேண்டிய இடத்தில் புண்.

சிறுமி கூச்சலிடுகிறாள். அக்கம்பக்கத்தார் ஓடி வருகிறார்கள். மருவைப் பார்த்துச் சூனியக்காரி என்று முடிவு கட்டி, உள்ளாடையோடு கிழவியைப் பனியில் விரட்டி, காட்டு விளிம்பில் கல்லெறிந்து கொன்றுவிடுகிறார்கள். அதன் பிறகு சிறுமி பாட்டியின் வீட்டில் குடியேறுகிறாள். செழிப்பாக வாழ்கிறாள். கதை அங்கே நின்றுவிடுகிறது.

முதல் முறை படித்தபோது பாட்டிதான் ஓநாய் என்ற திருப்பத்தோடு திருப்தியடைந்து மூடி வைத்துவிட்டேன். இரண்டாம் முறைதான் கடைசி வரி உறுத்தியது. வீடு யாருக்குக் கிடைத்தது? காட்டில் நடந்ததற்கு அந்தச் சிறுமியைத் தவிர வேறு சாட்சி உண்டா? கத்தி யார் கையில் இருந்தது? தொடக்கத்தில் ஊரின் வழக்கத்தை அத்தனை விரிவாக ஏன் சொன்னார் ஆசிரியர்? மந்திரத்தை அப்படியே நம்பிப் படித்தாலும் கதை நிற்கிறது. நம்பாமல் படித்தால் அது ஒரு கொலையின் கதையாகிவிடுகிறது. ஆசிரியர் எந்தப் பக்கமும் சாய்வதில்லை. இரத்தம் நிறைந்த கதைதான், ஆனால் நடுங்க வைப்பது இரத்தமல்ல, செழிப்பாக வாழ்ந்தாள் என்ற அமைதியான செய்தி.

இந்த வகை சிறுகதையில் இவ்வளவு நன்றாக அமைவதற்கும் காரணம் இங்கேயே தெரிகிறது. வாசகர் மூலக்கதையோடு வருகிறார். காடு, கூடை, பாட்டி என்று மூன்று சொல் போதும், மீதியை அவருடைய நினைவு நிரப்பிக்கொள்ளும். அறிமுகத்துக்குப் பக்கங்களைச் செலவழிக்க வேண்டியதில்லை. மேலும், அடுத்து என்ன நடக்கும் என்று வாசகர் எதிர்பார்த்துக்கொண்டே இருப்பதால், ஒரு சின்ன விலகல்கூடப் பலமாக அடிக்கிறது. மூலத்தை அறியாத ஒருவரிடம் அம்மா கத்தியைக் கொடுத்தாள் என்று சொன்னால் அது வெறும் செய்தி.

கேள்வி எங்கிருந்து வேண்டுமானாலும் வரலாம். கதையைச் சொல்பவரை மாற்றினாலே போதும் என்பதற்கு, ஸ்னோ ஒயிட் கதையை எடுத்து ஆங்கில எழுத்தாளர் நீல் கெய்மன் 1994-இல் எழுதிய 'ஸ்னோ, கிளாஸ், ஆப்பிள்ஸ்' நல்ல சான்று. அங்கே பேசுவது மாற்றாந்தாய். அவளுடைய வாய்மொழியில், அபாயம் அந்த வெள்ளைத் தோல் சிறுமிதான். நாட்டைக் காப்பாற்ற முயன்று தோற்றவள் அரசி. கிரிம் வடிவத்தைத் திரும்பப் படித்தால் இதற்கான விதைகள் எல்லாம் அங்கே கிடப்பது தெரியும். கண்ணாடிப் பெட்டியில் கிடக்கும் பிணத்தைப் பார்த்து, அதைப் பார்க்காமல் உயிர் வாழ முடியாது என்று கெஞ்சி வாங்கிக்கொண்டு போகிறான் இளவரசன். முத்தம் கொடுத்து எழுப்புவதெல்லாம் பிற்காலத்துச் சேர்க்கை. கிரிம் கதையில் பெட்டியைத் தூக்கிப்போகிறவர்கள் தடுமாறியதில் தொண்டையில் சிக்கிய ஆப்பிள் துண்டு வெளியே வந்து விழுகிறது. திருமண விருந்தில் அரசிக்குப் பழுக்கக் காய்ச்சிய இரும்புக் காலணிகளை மாட்டி, சாகும்வரை ஆட விடுகிறார்கள். விருந்தினர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இதைத்தான் நாம் இனிய முடிவு என்று குழந்தைகளுக்குச் சொல்கிறோம்.

எல்லா முயற்சிகளும் தேறுவதில்லை. இளவரசிக்குத் துப்பாக்கியைக் கொடுத்து, குள்ளர்களைக் கொலைகாரர்களாக்கி, பக்கத்துக்குப் பக்கம் பிணங்களைக் கிடத்தினால் அது அதிர்ச்சியோடு முடிந்துவிடும். மூலக்கதையில் வேரில்லாத கொடூரம் ஒட்டவே ஒட்டாது. கெட்டவர் நல்லவர், நல்லவர் கெட்டவர் என்று தராசைத் தலைகீழாகக் கவிழ்ப்பதும் அப்படித்தான். முதல் பத்தியிலேயே வாசகருக்கு விடை தெரிந்துவிடும். ஒரு மறுபுனைவைப் படித்து முடித்ததும் மூலக்கதைக்குத் திரும்பிப் போய் ஏதாவது ஒரு வரியைத் தேடிப் பார்க்கத் தோன்றினால் அது நல்ல மறுபுனைவு. அந்த ஒன்றை மட்டும்தான் நான் அளவுகோலாக வைத்திருக்கிறேன்.

எழுதிப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு தகவல். பெரோ, கிரிம் கதைகளுக்கு இன்று யாருடைய காப்புரிமையும் இல்லை. எவரும் எடுத்து எழுதலாம். திரைப்படங்கள் புதிதாகச் சேர்த்த பெயர்களையும் உருவங்களையும் தொடாமல் இருப்பது நல்லது.

என் கேள்விக்கு வருகிறேன். ஆட்டுக்குட்டிகள் கதையில் கற்களை நிரப்பிய பிறகு தாய் ஆடு ஊசி நூல் கொண்டு ஓநாயின் வயிற்றைத் தைத்துவிடுகிறது. சிவப்பு முக்காட்டுச் சிறுமியின் கதையில் தையல் பற்றிப் பேச்சே இல்லை. கற்களை நிரப்பினார்கள், ஓநாய் விழித்தது, எழுந்து ஓடப் பார்த்தது, கனம் தாங்காமல் விழுந்து செத்தது. திறந்த வயிற்றோடு எப்படி எழுந்தது? யாரோ தைத்திருக்க வேண்டும். அந்த வீட்டில் ஊசி யாரிடம் இருந்தது?

பழைய கிராமத்துக் கதையில், ஊசிப் பாதையில் ஊசி பொறுக்கிக்கொண்டே வந்தவள் ஒருத்தி இருக்கிறாள். இரண்டு வடிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது எனக்குக் கை பரபரத்தது. அன்றே எழுதிய பத்தி இது:

'ஏழாவது கல்லை அவள் வாசற்படியில் வைத்துத் தாவணி நுனியால் மண்ணைத் துடைத்தாள். வேட்டைக்காரர் போதும் என்றார். பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். ஓநாய் மூச்சு விடும்போதெல்லாம் கற்கள் ஒன்றோடொன்று உரசும் ஓசை கேட்டது. அவள் மண்டியிட்டு, சட்டைக் கழுத்தில் செருகியிருந்த ஊசிகளில் நீளமானதைத் தேர்ந்தெடுத்தாள். நூல் முதல் முறையிலேயே காதில் நுழைந்தது.'

தாவணியை அடித்துவிட்டு முக்காடு என்று திருத்தினேன். அது ஜெர்மானியச் சிறுமியின் கதை. என் ஊர் உடுப்பை அவளுக்கு மாட்டிவிடக் கூடாது. ஓநாய்க்கு வலித்ததா என்று எழுதவில்லை. பாட்டி ஏன் திரும்பி உட்கார்ந்தாள் என்றும் எழுதவில்லை, இன்னும் எனக்கே தெரியாது. இரண்டு வாரமாக அந்த இடத்தில்தான் நிற்கிறேன். நேற்று அக்காள் மகள் வந்தபோது, கல்லைக் கொண்டுவந்தவள் அந்தப் பெண்தான், நான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றேன். அவள் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. "எத்தனை கல் சித்தி?" என்று மட்டும் கேட்டாள்.